தூக்கத்தில் பல் கடிப்பது: பூச்சி மாத்திரையில் நிற்குமா?

9 பிப்ரவரி, இரவு · பாம்பன் வாசகி
பிள்ளை தூக்கத்துல பல்லை நறநறன்னு கடிச்சா நம்ம பக்கம் ஒரே தீர்ப்புதான்: வயித்துல பூச்சி. நாளைக்குப் பள்ளிக்கூடத்துல மாத்திரை கொடுக்குறாங்க, அதோட நின்னுடும்னு சொல்றாங்க. சரி, வீட்டுக்காரரும் கடிக்கிறாரே, 40 தாண்டியவர், அவருக்கும் பூச்சியா? விசைப்படகுக்குப் போறவர். காலையில எழுந்தா நெற்றிப்பொட்டுல வலி, கடைவாய்ப் பல் ஒண்ணு ஓரத்துல சில்லு விட்டிருக்கு. மருந்துக்கடையில நைட் கார்டுன்னு ஒண்ணு, ராத்திரி பல்லுமேல மாட்டுற உறை, விக்குதாமே, அதை வாங்கிப் போட்டா போதுமா?

10 பிப்ரவரி, காலை · செவிலி, மண்டபம்
மாத்திரையைக் கட்டாயம் கொடுங்கள். அல்பெண்டசோல் 400 மி.கி. ஒன்று, 1 முதல் 2 வயது வரை பாதி. மென்றுதான் விழுங்க வேண்டும், சின்னப் பிள்ளைக்குப் பொடித்துத் தண்ணீரில் கலக்கிக் கொடுங்கள். ஆனால் அது பூச்சியால் ரத்தசோகையும் வளர்ச்சிக் குறைவும் வராமல் இருக்கக் கொடுக்கிற மாத்திரை. பல் கடிப்புக்கு மருந்து என்று நம்பிக் கொடுத்தால் ஏமாற்றம்தான்.

ஒரே ஒரு விலக்கு: கீரிப்பூச்சி. ராத்திரியில் ஆசனவாயைச் சொறிந்துகொண்டு பிள்ளை புரண்டு புரண்டு படுத்தால் தூக்கம் கெடும். தூக்கம் கெடுகிற பிள்ளை பல்லும் கடிக்கலாம். அந்த அரிப்பு இருந்தால் வீட்டில் எல்லோருக்கும் ஒரே நாளில் மாத்திரை, 2 வாரம் கழித்து இன்னொரு முறை, நகத்தை ஒட்ட வெட்டுவது, படுக்கை விரிப்பை வெந்நீரில் துவைப்பது. அரிப்பே இல்லாத பிள்ளைக்கு மாசா மாசம் பூச்சி மருந்து ஊற்றாதீர்கள்.

10 பிப்ரவரி, மதியம் · பல் டாக்டர், ராம்நாடு
பிள்ளையின் கதை வேறு, அப்பாவின் கதை வேறு.

பால்பல் விழுந்து நிலைப்பல் முளைக்கிற வயதில் நிறையப் பிள்ளைகள் கடிக்கும். பெரும்பாலும் வளர வளரத் தானாகக் குறையும். கார்டு போடக் கூடாது, தாடை வளர்கிற காலம். நீங்கள் பார்க்க வேண்டியது சத்தத்தை அல்ல, மூச்சை. வாயைத் திறந்து தூங்குகிறதா, குறட்டை விடுகிறதா, நடுவில் மூச்சு நின்று திடுக்கிடுகிறதா, படுக்கையில் சிறுநீர் போவது நின்றுபோய் மறுபடி ஆரம்பித்திருக்கிறதா? ஒன்று இருந்தாலும் முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவர். டான்சில், அடினாய்டு பார்ப்பார். பல் கூச்சமோ வலியோ இருந்தால் என்னைப் போன்றவர்களிடம் வாருங்கள்.

பெரியவருக்கு நான் கேட்கும் முதல் கேள்வி: எப்போது கடிக்கிறார்? இரவில் கடிப்பதும் பகலில் கடிப்பதும் இரண்டு தனித்தனி வியாதிகளைப் போலத்தான். பகலில் நடப்பது பழக்கம்: சத்தம் வராது, மேல்பல்லையும் கீழ்பல்லையும் அழுத்தி வைத்திருப்பார், அவருக்கே தெரியாது. இரவில் நடப்பது மூளையின் வேலை. ஆழமில்லாத தூக்கத்தில், விழிப்பு வந்தும் வராத சில நொடிகள் அடிக்கடி வரும். முதலில் இதயத்துடிப்பு ஏறும், பிறகு தாடைத் தசை சுருங்கும், கடைசியில்தான் பல் உரசும். பல் வரிசை கோணலாக இருப்பதால் கடிக்கிறார் என்பது பழைய கணக்கு. அதை நம்பி நல்ல பல்லைத் தேய்த்துக் "கடியைச் சமப்படுத்துகிறேன்" என்று யாராவது சொன்னால் நாற்காலியை விட்டு எழுந்து வந்துவிடுங்கள். தேய்த்த எனாமல் திரும்ப வராது.

10 பிப்ரவரி, மாலை · மருந்துக்கடை, தொண்டி
கடையில் விற்பது வெந்நீரில் போட்டு மெதுவாக்கிக் கடித்து அச்சு எடுக்கிற வகை. விளையாட்டுக்காரர் பல்லைக் காக்கச் செய்தது. நாலு ராத்திரிக்குத் தாங்கும், நிரந்தரத்துக்கு ஆகாது. வாங்குகிறவர் பாதிப்பேர் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீரில் போட்டுச் சுருட்டி விடுகிறார்கள்; அட்டையில் எழுதியிருக்கும் நொடிக் கணக்கைத் தாண்டக் கூடாது.

கார்டைப் பற்றிப் பேசுவதற்கு முன் மாத்திரை டப்பாவைப் பாருங்கள். மனச்சோர்வு, பதற்றத்துக்குக் கொடுக்கும் ஃப்ளூஆக்செடின், செர்ட்ரலின், பாராக்செடின், எஸ்சிடலோபிராம், வென்லாஃபாக்சின் எல்லாமே சிலருக்குப் பல் கடிப்பைக் கிளப்பும். மருந்து ஆரம்பித்த அல்லது அளவு கூட்டிய சில வாரங்களில் தாடை இறுக ஆரம்பித்ததா என்று தேதியைப் பொருத்திப் பாருங்கள். பொருந்தினால் எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் சொல்லுங்கள். அளவைக் குறைப்பார், மாற்றுவார், அல்லது கூட பஸ்பிரோன் சேர்ப்பார். நீங்களாகத் திடீரென நிறுத்தினால் தலைசுற்றலும் பதற்றமும் வேறு வந்து சேரும்.

11 பிப்ரவரி · பாம்பன் வாசகி
மாத்திரை எதுவும் இல்லை டாக்டர். தொழிலுக்குப் போற நாள்ல ராத்திரி முழுக்க முழிப்பு, கரைக்கு வந்து பகல்ல தூக்கம், மறுநாள் ராத்திரித் தூக்கம். டீ எத்தனைன்னு கணக்கே இல்ல. குறட்டை பக்கத்து வீட்டுக்குக் கேக்கும்.

11 பிப்ரவரி, இரவு · பல் டாக்டர், ராம்நாடு
அந்தக் கடைசி வரியை முதலில் எழுதியிருக்க வேண்டும்!

குறட்டை, நடுவில் மூச்சு நிற்பது, காலையில் தலைவலி, பகலில் தூக்கக் கலக்கம், கழுத்து தடித்திருப்பது, ரத்த அழுத்தம்: இவை கூட்டாக இருந்தால் தூக்கத்தில் மூச்சடைப்பு இருக்கிறதா என்று சோதிக்காமல் மேல்தாடைக்குக் கார்டு செய்யக் கூடாது. மூச்சடைப்பு உள்ள 10 பேருக்கு மேல்தாடைக் கார்டு போட்டுப் பார்த்த ஒரு சின்ன ஆய்வில் 5 பேருக்கு மூச்சு நிற்கும் எண்ணிக்கை பாதிக்கும் மேல் கூடியது. சின்ன ஆய்வுதான், ஆனாலும் குறட்டைக்காரருக்கு யோசிக்காமல் கார்டு மாட்டக் கூடாது என்பதற்கு அது போதும். மூச்சடைப்பு உறுதியானால் முகமூடியோடு வரும் காற்றழுத்தக் கருவி, அல்லது கீழ்த்தாடையை முன்னுக்கு இழுத்துப் பிடிக்கும் வேறு வகைக் கருவி. சிலருக்கு அதிலேயே பல் கடிப்பும் குறைந்துவிடும்.

டீ: காஃபின் பாதி வெளியேறவே சுமார் 5 மணி நேரம் ஆகும். எந்த நேரத்தில் தூங்கினாலும் அதற்கு 6 மணி நேரம் முன்பே கடைசி டீ. விசைப்படகு வாரத்தில் 3 நாள் கடலுக்குப் போகிற முறையில் தூக்கம் ஒழுங்காக வராது. அதை மாற்ற முடியாது. டீ, பீடி, படுக்கும் முன் குடிக்கிற சரக்கு, இந்த மூன்றையும் மாற்றலாம். குடித்தால் நன்றாகத் தூக்கம் வருகிறது என்பார்கள். வரும், பின்னிரவில் துண்டு துண்டாக உடையும், அந்த உடைப்பில்தான் பல் கடிப்பு.

13 பிப்ரவரி · பல் லேப் காக்கா (அண்ணன்), கீழக்கரை
டாக்டர் சொன்னதுக்கு மேல ஒரு வார்த்தை. பல் தேஞ்சிருக்குன்னு எங்க லேபுக்கு வர்ற பல் அச்செல்லாம் கடிச்சுத் தேஞ்சதுன்னு நினைக்காதீங்க. அச்சைக் கையில எடுத்தாலே தெரியும்.

கடிச்சுத் தேஞ்ச பல் தட்டையா, வழவழன்னு பளபளக்கும். மேல்பல்லுல இருக்கிற தட்டை கீழ்பல்லுல இருக்கிற தட்டையோட அச்சு அசலாப் பொருந்தும். புளிப்பு, நெஞ்செரிச்சல் அமிலத்துல கரைஞ்ச பல்லு கிண்ணம் மாதிரி குழிஞ்சிருக்கும். பழைய அடைப்பு மட்டும் தீவு போலத் தூக்கி நிக்கும். பல்பொடி, கரி, உப்பு போட்டுக் குறுக்க இழுத்துத் தேய்ச்சவங்களுக்கு ஈறோரத்துல ஆப்பு வெட்டின மாதிரி பள்ளம். வலை பின்னும்போது நூலைப் பல்லால கடிக்கிறவங்களுக்கு முன்பல் நுனியில ஒரு சின்ன வெட்டு, ஒரே பல்லுல. பாக்குக்காரங்க கடைவாய் எல்லாப் பக்கமும் மொத்தமாத் தேஞ்சு, கறையோட இருக்கும். ரெண்டு மூணு காரணம் கலந்தே இருக்கும், அதுதான் தொல்லை.

13 பிப்ரவரி · செவிலி, மண்டபம்
பாக்கு என்று காக்கா சொன்னதும் இதை எழுதுகிறேன். வாய் திறக்கக் கஷ்டமாக இருப்பதை எல்லாம் "பல் கடிச்சுத் தாடை இறுகிடுச்சு" என்று சொல்லி வருகிறார்கள். மூன்று விரலை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வாயில் நுழைக்கச் சொல்லுங்கள். பெரியவருக்கு 40 மி.மீ. அளவில் திறக்க வேண்டும்.

பாக்குப் போடுகிறவர், காரம் பட்டால் வாய் எரிகிறது, உள்கன்னம் வெளுத்து நார் போல விறைத்திருக்கிறது: அது பாக்கால் வரும் நார்த்திசு நோய், புற்றுநோய்க்கு முன்படி. பாக்கை நிறுத்தாமல் எந்தக் கார்டும் உதவாது.

தூண்டில் முள், துருப்பிடித்த கம்பி, மீன் முள் குத்திச் சில நாள் முதல் மூன்று வாரத்துக்குள் தாடை இறுகினால்: ரண ஜன்னி (டெட்டனஸ்). விழுங்கவும் கஷ்டமாக இருந்தால் ஒரு மணி நேரம்கூடத் தள்ளாதீர்கள், நேரே பெரிய ஆஸ்பத்திரி. 10 வருடத்துக்கு ஒரு முறை டிடி ஊசி போட்டிருக்கிறாரா என்று பாருங்கள்.

வலை இழுக்கும்போது, மாடி ஏறும்போது கீழ்த்தாடை வலித்து, உட்கார்ந்தால் விட்டுப்போகிறதா? பல்லைப் பிடுங்கக் கிளம்ப வேண்டாம், அது இதய வலியாக இருக்கலாம், முதலில் ஈசிஜி.

14 பிப்ரவரி · மருந்துக்கடை, தொண்டி
இன்னும் ஒன்று: வாந்திக்கு மெட்டோக்ளோபிரமைடு போட்ட சின்ன வயசுக்காரருக்குத் தாடை திடீரென ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளும். பேய் பிடித்தது என்று ஏர்வாடிக்குக் கூட்டிப் போகாதீர்கள். ஆஸ்பத்திரியில் போடும் மாற்று ஊசியில் நிமிடங்களில் விடும்.

2 மார்ச் · பரமக்குடி வாசகர்
எனக்கு ராத்திரி சத்தமே இல்லை, பக்கத்தில் படுப்பவர் சாட்சி. ஆனால் மாலை ஆனால் கன்னம் கல்லாகிவிடுகிறது. கம்ப்யூட்டர் வேலை. கார்டு போடவா?

2 மார்ச் · பல் டாக்டர், ராம்நாடு
வேண்டாம் சார். உங்களுடையது பகல் வகை.

சும்மா இருக்கும்போது உதடு மூடியிருக்கலாம், பல் ஒட்டக் கூடாது. நடுவில் 2 முதல் 4 மி.மீ. இடைவெளிதான் தாடையின் ஓய்வு நிலை. சாப்பிடுவது, எச்சில் விழுங்குவது எல்லாம் சேர்த்தும் ஒரு நாளில் பல்லோடு பல் படுவது சுமார் 20 நிமிடம்தான். இதை வாசிக்கும் இந்த நொடியில் உங்கள் பல் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

"ன்" என்று சொல்லி அப்படியே நிறுத்துங்கள். நாக்கு நுனி மேல்பல்லுக்குப் பின்னால் அண்ணத்தில் இருக்கும், பல் விலகியிருக்கும், தாடை தொங்கும். அதுதான் இடம். கைப்பேசியில் 30 நிமிடத்துக்கு ஒரு அதிர்வு வைத்து, அடிக்கும்போதெல்லாம் மூன்று காரியம்: பல்லைப் பார், "ன்" இடத்துக்குப் போ, தோளைத் தளர்த்தி மூக்கால் ஒரு மூச்சை நீளமாக விடு. திரையின் ஓரத்தில் ஒரு சிவப்புப் பொட்டு ஒட்டினால் அதுவும் வேலை செய்யும். கண் பழகிவிடும், அதனால் வாரா வாரம் இடத்தை மாற்றுங்கள். பழக்கம் விட சில வாரம் பிடிக்கும். எந்த வேலையில் கடிக்கிறீர்கள் என்று குறித்துக்கொண்டே வந்தால் ஒன்றிரண்டு வேலையில்தான் குவியும்: கணக்குச் சரிபார்ப்பது, பைக் ஓட்டுவது, திட்டு வாங்குவது.

மாலையில் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துண்டைக் கன்னத்தில் 10 முதல் 15 நிமிடம் வையுங்கள். பிறகு நாக்கை அண்ணத்தில் ஒட்டியபடியே வாயை மெல்லத் திறந்து மூடுவது, 6 தடவை, நாளுக்கு 6 வேளை. நாக்கு விடுபடும் அளவுக்குத் திறக்காதீர்கள். சுயிங்கம், பட்டாணி, பாக்கு மூன்றும் விடுமுறை. கிராம்புத் தைலம் தசை வலிக்கு ஒன்றும் செய்யாது, ஈறை வேகவைக்கும்.

3 மார்ச் · செவிலி, மண்டபம்
பாசி எடுக்க முங்குகிற பெண்களுக்கும் சங்கு எடுக்க ஹோஸ் பைப்பைப் பல்லால் கவ்வி இறங்குகிறவர்களுக்கும் இதே பகல் வகைதான் சார். மூச்சை அடக்கும்போது தாடையும் சேர்ந்து பூட்டிக்கொள்ளும். தண்ணீருக்குள் "ன்" சொல்ல முடியாது; மேலே வந்து மூச்சு வாங்கும்போது தாடையைத் தொங்கவிடப் பழக்கினால் போதும்.

20 ஏப்ரல் · பாம்பன் வாசகி
மூச்சுச் சோதனை ஆச்சு. பெரிய மூச்சடைப்பு இல்லை, மல்லாந்து படுத்தா மட்டும் குறட்டையாம். ஒருக்களிச்சுப் படுக்கச் சொல்லிட்டாங்க. இப்ப மீன்பிடித் தடைக்காலம், ஆள் வீட்டுல இருக்கார். கார்டு செய்யலாமா? மெதுவானதா கெட்டியானதா?

20 ஏப்ரல் · லேப் காக்கா, கீழக்கரை
தங்கச்சி, இதைவிட நல்ல நேரம் கிடையாது. ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரை 61 நாள்; அளவெடுக்க, மாட்ட, ஒரு வாரத்துல ஒரு தடவை, ஒரு மாசத்துல ஒரு தடவை சரிபார்க்க எல்லாத்துக்கும் நாள் இருக்கு. சீசன்ல மாட்டிட்டுப் போனவங்க சரிபார்க்க வரமாட்டாங்க, கார்டு அலமாரியில கிடக்கும்.

கெட்டியானதுதான். மெதுவான ரப்பர் கார்டு மலிவு, ஒரே நாள்ல கிடைக்கும், வாய்க்கும் சொகுசு. ஆனா சிலர் அதைச் சவைக்க ஆரம்பிச்சிடுறாங்க. மாசக்கணக்குல ஓட்டையாகும்.

21 ஏப்ரல் · பல் டாக்டர், ராம்நாடு
காக்கா சொல்வதற்கு ஆதாரமும் உண்டு. 1987ல் 10 பேரிடம் இரண்டையும் போட்டுப் பார்த்த ஆய்வில், கெட்டிக் கார்டில் 8 பேருக்குத் தசைவேலை குறைந்தது. மெதுவானதில் 5 பேருக்குக் கூடியது. ஆனால் குறைவது பெரும்பாலும் தற்காலிகம்தான். கார்டு பல் கடிப்பை நிறுத்தாது. பல்லுக்குப் பதிலாக அது தேயும், அவ்வளவே அதன் வேலை. இதைச் சொல்லாமல் விற்பதால்தான் "டாக்டர், கார்டு போட்டும் கடிக்கிறார்" என்று பாதிப்பேர் திரும்பி வருகிறார்கள்.

முன்பல்லை மட்டும் மூடும் குட்டிக் கார்டு வேண்டாம். கடைவாய்ப் பல் வேலையில்லாமல் வளர்ந்து இறங்கும், முன்பல் ஒட்டாமல் போகும். தூக்கத்தில் கழன்றால் தொண்டைக்குள் போகிற ஆபத்து வேறு.

கார்டுக்கு முன்பு அந்தச் சில்லு விட்ட கடைவாய்ப் பல். ஒவ்வொரு மேட்டிலும் தனித்தனியாகப் பஞ்சுச் சுருளைக் கடித்து விடச் சொல்லிப் பார்ப்பேன். கடிக்கும்போது இல்லாமல் விடும்போது சுரீரென்றால் விரிசல். அடைத்தால் நிற்காது, கேப் போட வேண்டும்.

21 ஏப்ரல் · லேப் காக்கா, கீழக்கரை
கேப்னா, கடிக்கிறவருக்கு உலோகத்துமேல பீங்கான் ஒட்டினது சில்லு சில்லாப் பேரும். முழுக்க ஜிர்கோனியாங்கிற கெட்டிப் பீங்கான்ல செஞ்சது தாங்கும். ஆனா ஒரு நிபந்தனை: வாயில வச்சு உசரம் குறைக்க உரசின இடத்தைத் திரும்பப் பாலிஷ் பண்ணணும். வெறும் கிளேஸ், அதாவது மேல்பூச்சு மினுக்கு, சீக்கிரம் போயிடும். உள்ள சொரசொரப்பா இருக்கிற ஜிர்கோனியா எதிர்ப் பல்லை அரம் மாதிரி ராவிடும். உரசிட்டு "சரி, போய்ட்டு வாங்க"ன்னா, பாலிஷ் பண்ணியாச்சான்னு கேளுங்க.

கார்டு செய்யுற விதம் கேட்டு ரெண்டு பேர் தனியா எழுதியிருக்காங்க, இங்கேயே போட்டுடறேன்.

ஆல்ஜினேட்டுல (வாயில வச்சு அச்சு எடுக்கிற பசை) எடுத்த அளவு நம்ம ஊர் வெயில்ல சீக்கிரம் சுருங்கும். குளிர்ந்த தண்ணியில கலக்குங்க, எடுத்ததும் ஈரத் துணியில சுத்தி 10 நிமிஷத்துக்குள்ள ஸ்டோன் (அச்சு வார்க்கிற கல்மாவு) ஊத்துங்க. கிளினிக்ல எடுத்துட்டு பஸ்ல எங்கிட்ட அனுப்பினா அந்த அச்சுல செய்யுற கார்டு ஆடும், இல்லன்னா இறுக்கும். கடி அளவு, பல்லு ஒட்டாம, பின்னாடி 2 மி.மீ. இடம் இருக்கிற மாதிரி மெழுகுல எடுக்கணும். கடைவாயில கார்டு அதுக்குக் கீழ மெலிஞ்சா உடையும்.

அக்ரிலிக்கை, அதாவது கார்டு செய்யுற கெட்டி பிளாஸ்டிக்கை, 74 டிகிரியில 2 மணி நேரம் வேக வைக்கணும், அப்புறம் 100ல 1 மணி நேரம். அவசரப்பட்டு முதல்லயே கொதிக்க விட்டா அதுல கலந்த மோனோமர் திரவம் கொதிச்சு உள்ளே குமிழி விழும். அங்கேதான் கீறும், நாறும். பிளாஸ்க்கை (அச்சு வச்ச உலோகப் பெட்டி) தானா ஆற விடணும். குழாய்ல பிடிச்சு ஆத்தினா கோணும்.

22 ஏப்ரல் · பல் டாக்டர், ராம்நாடு
மாட்டும்போது பார்க்க வேண்டியது: கார்பன் பேப்பரில் கடிக்கச் சொன்னால் எதிர்ப் பல் ஒவ்வொன்றும் ஒரே அழுத்தத்தில் புள்ளி வைக்க வேண்டும், நடுவில் வைத்த 8 மைக்ரான் மெல்லிய தகடு எல்லாப் பல்லிலும் இறுகப் பிடிக்க வேண்டும். தாடையைப் பக்கவாட்டில் நகர்த்தினால் கோரைப்பல் மட்டும் உரசி, பின்பல் எல்லாம் தூக்கிக்கொள்ள வேண்டும். இதற்கு அரை மணி நேரம் பிடிக்கும். ஐந்து நிமிடத்தில் மாட்டி அனுப்பினால் வேலை பாதிதான் முடிந்தது.

காலையில் கழற்றியதும் 10, 15 நிமிடம் கடி மாறியது போல இருக்கும். மதியம் வரை இருந்தால் வாருங்கள்.

24 ஏப்ரல் · பரமக்குடி வாசகர்
பகல் பழக்கம் பரவாயில்லை டாக்டர், பாதி குறைந்தது. மதுரையில் போடாக்ஸ் போட்டால் ஒரே ஊசியில் தீரும் என்கிறார்களே?

24 ஏப்ரல் · பல் டாக்டர், ராம்நாடு
பாதி குறைந்தவருக்கு எதற்கு சார்! அது கடிக்கும் பலத்தைக் குறைக்கும், கடிக்கும் தடவையைக் குறைக்காது. வழக்கமாகக் கன்னத் தசைக்கு ஒரு பக்கம் 25 முதல் 30 யூனிட், 3, 4 மாதத்தில் தேய்ந்துவிடும், மறுபடி செலவு. ஊசி தள்ளிப் பட்டால் சிரிப்பு ஒரு பக்கம் கோணும். திரும்பத் திரும்பப் போட்டால் தசை சூம்பும், தாடை எலும்பு மெலியுமோ என்ற கவலையும் இருக்கிறது. வேறு எதற்கும் அடங்காத வலிக்கு வைத்திருக்கும் கடைசி ஆயுதம்.

தனியாரில் செலவு தாங்காதவர்களுக்கு: புதுக்கோட்டையில் 2023ல் அரசு பல் மருத்துவக் கல்லூரி வந்திருக்கிறது. போக வர ஒரு நாள், ஆனால் போகலாம்.

9 ஜூன் · பாம்பன் வாசகி
கார்டு மாட்டியாச்சு, பொட்டு வலி குறைஞ்சிருக்கு. கடிக்கிறது நிக்கல, சத்தம்தான் மாறியிருக்கு. 15ம் தேதி கடலுக்குப் போறார். படகுல எங்க வைக்கிறது, எதுல கழுவுறது?

9 ஜூன் · லேப் காக்கா, கீழக்கரை
ஓட்டை போட்ட டப்பா, உள்ள ஈரப் பஞ்சு. காய விட்டா அக்ரிலிக் வடிவம் மாறும். எஞ்சின் பக்கம் வேண்டாம், மேல் தளத்து வெயில் வேண்டாம், டீ போடுற வெந்நீர் படவே கூடாது. மெதுவான பிரஷ்ஷும் சாதா சோப்பும். பேஸ்ட் போட்டுத் தேய்ச்சா கீறல் விழுந்து அழுக்குப் பிடிக்கும். போர் தண்ணியில ஊற வச்சா வெள்ளைப் படிவு கட்டும், வாரம் ஒரு நாள் வினிகரும் தண்ணியும் சரிக்குச் சமமா கலந்து அரை மணி நேரம் போட்டு எடுங்க. டப்பா மேல பேரு எழுதுங்க, யாரோட பல்செட்டோன்னு கடல்ல வீசிடப் போறாங்க.

வருஷம் ஒரு தடவை கொண்டு வாங்க. தேஞ்சு குழி விழுந்த இடத்துல மட்டும் அக்ரிலிக் ஏத்திச் சமப்படுத்திடலாம், கீறல் விடாத வரைக்கும் புதுசு தேவையில்லை.